பூத்துப்போன ஃபைபர் படகைப் பழையபடி பளபளப்பாக்க

படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்து ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். திருநீறு தொட்ட மாதிரி கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் படகின் மேல்பூச்சான ஜெல்கோட் பூத்துவிட்டது. கை சுத்தமாக இருந்து, படகு மட்டும் பழுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ தெரிந்தால் அது வெறும் கறை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. என் பட்டறைக்கு வரும் படகுகளில் பாதி, இந்த வித்தியாசம் தெரியாமல் யாரோ ஏற்கெனவே தேய்த்துக் கெடுத்தவைதான்.

நான் ஃபைபர் வேலைக்கு வந்தது 2005-இல். சுனாமி வந்துபோன மறுவருடம். பரங்கிப்பேட்டையிலிருந்து நாகப்பட்டினம் வரை கரையோரம் எங்கு பார்த்தாலும் மோல்டு போட்டுப் படகு வார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வெட்டிக் கொடுக்கும் எடுபிடியாகச் சேர்ந்தவன், இன்றைக்குப் பழுது பார்ப்பதும் பளபளப்பு ஏற்றுவதும் மட்டும் செய்கிறேன். அன்னங்கோவில், முடசல்ஓடை மீன்பிடிப் படகுகள், பிச்சாவரம் உப்பனாற்றில் ஓடும் படகுகள், எப்போதாவது சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு சொகுசுப் படகு. இதில் எழுதுவதெல்லாம் ஜெல்கோட் பூசிய ஃபைபர் படகுக்கு. மரப்படகுக்கும் பெயின்ட் அடித்த படகுக்கும் பொருந்தாது.

முதலில் ஜெல்கோட் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசின்தான் அது. நல்ல பட்டறையில் வார்த்த படகில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு விசிட்டிங் கார்டைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன், அவ்வளவுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து மேல்பரப்பில் உள்ள ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. பிடிமானம் போன நிறத்தூள் வெளியே நிற்கிறது. கையில் ஒட்டுவது அந்தத் தூள்தான். அதைத் தேய்த்து எடுக்கும்போதெல்லாம் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்துதான் எடுக்கிறோம். வட்டி வராத முதல் அது, எடுத்தது எடுத்ததுதான். அதனால் தேய்க்காமல் போகக்கூடியதை ஒருபோதும் தேய்க்காதீர்கள். கறை தேய்க்காமலேயே போகும்.

சரி, வேலைக்கு வருவோம். விசைப்படகுக்காரர்களுக்கு நேரம் தானாக அமைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, படகு கரையில்தான் கிடக்கும். ஆனால் அதே நாளில்தான் அக்கினி நட்சத்திரமும் வருகிறது. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் நான்குக்கு மேல், இந்த இரண்டு வேளைதான் வேலை. படகின் மேனியில் கை வைத்தால் சுடக் கூடாது. சுட்டால் எந்த மருந்தும் ஒரு நிமிடத்தில் காய்ந்து, அதுவே புதுக் கறையாகிவிடும். தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

முதலில் குளிப்பாட்டுங்கள். ஒரு வாளி தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பிரஷ், மேலிருந்து கீழே. ஒட்டியிருக்கும் மணலை முழுக்க ஓட்டிவிட வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் துணிக்கடியில் மாட்டினால் படகின் நீளத்துக்கும் கீறல் விழும். டீசல் புகைக் கறுப்பும் கிரீஸும் இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோப்பு போடுங்கள். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி) ஒட்டியிருந்தால் இரும்புச் சட்டுவம் வேண்டாம். பிளாஸ்டிக் சுரண்டி போதும். காய்வதற்கு முன் எடுத்தால் லேசாக வரும், காய்ந்துவிட்டால் ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கழுவிக் காய்ந்த பிறகு கறை என்ன ஜாதி என்று பாருங்கள். எங்கள் பக்கம் மூன்றுதான் அதிகம். வெள்ளை வட்டமாக, சொட்டுச் சொட்டாகத் தெரிவது உப்பும் சுண்ணாம்பும். கடலோர போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்ட படகில் இது நிச்சயம் இருக்கும். படகு மிதக்கும்போது தண்ணீர் மட்டம் நிற்கும் தண்ணீர்க்கோடு, அதை ஒட்டி ஆறங்குல அகலத்தில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் பட்டையாக ஓடுவது மரச்சாயம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்வரும் படகு எதுவும் இதற்குத் தப்பாது. சுரபுன்னைப் பட்டையிலும் இலையிலும் உள்ள துவர்ப்புதான் காரணம். பருத்தி வலை இருந்த காலத்தில் வலை மட்காமல் இருக்க இந்த மாதிரி மரப்பட்டைச் சாயத்தில்தான் ஊறப்போடுவார்கள். வலைக்கு மருந்தாக இருந்தது படகுக்குக் கறை. மூன்றாவது, போல்ட்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி இறங்கும் துருக்கோடு.

வெள்ளைக் கறையை முதலில் எடுக்க வேண்டும். ஏன் முதலில் என்பதைப் பிறகு சொல்கிறேன். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கறை மேல் ஒட்டிவையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே துணியால் துடைத்தால் போய்விடும். பிடிவாதமாக நின்றால் இன்னொரு தடவை வையுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணீரில். அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள்.

பழுப்புக்கும் துருவுக்கும் ஒரே மருந்து, ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர். மொசைக் தரைக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். இங்கேதான் ஒரு சூட்சுமம். போர் தண்ணீரில் கலக்காதீர்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் இந்த ஆசிட் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். வாளி பால் கலங்கின மாதிரி ஆவதை நீங்களே பார்க்கலாம். பாதி மருந்து வாளியிலேயே செத்துப்போகும். படகில் வெள்ளைக் கறையை விட்டுவைத்து அதன் மேல் இதைப் பூசினாலும் இதே கதைதான், வினிகரை முதலில் போடச் சொன்னது அதற்காக. கேன் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர், பிளாஸ்டிக் வாளி. அலுமினியப் பாத்திரம் கூடாது.

வெறும் தண்ணீராகப் பூசினால் செங்குத்தான பக்கத்தில் நிற்காது, வழிந்து ஓடிவிடும். அதற்கு நான் சோளமாவில் கஞ்சி காய்ச்சுவேன். ஒரு லிட்டருக்கு நான்கு ஸ்பூன், துணிக்குப் போடும் கஞ்சியை விடக் கொஞ்சம் கெட்டியாக. கஞ்சி வெதுவெதுப்பாக ஆறின பிறகு பவுடரைப் போட்டுக் கலக்குவேன். பெயின்ட் பிரஷ்ஷால் கறைப் பட்டை மேல் பூச வேண்டும், கீழிருந்து மேலே. மேலிருந்து பூசினால் வழியும் கோடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பூசிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் பட்டையின் ஓரம் முதலில் வெளுக்கும், அப்புறம் நடுவில் இருக்கும் பழுப்பு மஞ்சளாகும், மஞ்சள் மெல்ல இல்லாமல் போகும். கை வைக்காமல் நின்று பார்க்க வேண்டிய காட்சி. இருபது ஆண்டாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், காயவும் விடாதீர்கள். போகாத இடத்துக்கு இன்னொரு பூச்சு.

பிறகு ஒரு வாளி தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலுக்குப் பிறகு பழைய வேட்டியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி வெள்ளைச் சொட்டு.

ஆக்ஸாலிக் பவுடர் பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும், ஆனால் விஷம். வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிவைக்காதீர்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பவுடரைக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நாகம் (ஜிங்க்) பூசிய இரும்பு, அலுமினியப் பாகங்கள் மேல் படாமல் டேப் ஒட்டுங்கள்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். வேண்டாம். கறை போகும், கூடவே ஸ்டீல் கொக்கி, திருகு எல்லாம் அரித்துப்போகும், ஜெல்கோட்டும் கெடும். அதைவிட மோசம், அதன் மேல் பிளீச்சிங் பவுடரும் போட்டால் கிளம்பும் குளோரின் வாயுவில் மூச்சு அடைத்துவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி பூத்துப்போன விஷயம். காய்ந்த படகின் மேல் ஒரு குவளை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்த இடம் பழையபடி நிறமும் மினுமினுப்புமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால் நல்ல செய்தி, கீழே ஜெல்கோட் இருக்கிறது, தேய்த்தால் மீளும். நனைத்தும் மங்கலாகவே இருந்தால், அல்லது உள்ளே மேட் விரிப்பின் நார் நிழலாகத் தெரிந்தால் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் புது ஜெல்கோட்டோ இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்டோதான் வழி, இந்தக் கட்டுரை உதவாது. சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாக வார்த்த பழைய படகுகள் சிலவற்றில் ஜெல்கோட்டைப் பெயருக்குத்தான் பூசியிருப்பார்கள். அவற்றில் நான் ரப்பிங் கம்பவுண்டு (மேல்பரப்பை அரைத்தெடுக்கும் பசை) போடவே தயங்குவேன்.

வெள்ளை, சிவப்பு, நீலம் எல்லாமே பூக்கும். ஆனால் வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருப்பதால் வெயிலைக் கொஞ்சம் தாங்கும், பூத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீலப் படகு இரண்டு கோடையில் பழைய ஜீன்ஸ் மாதிரி ஆகிவிடும்.

முதலில் கண்ணுக்குப் படாத மூலையில் ஓரடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டிச் சோதனை செய்யுங்கள். எப்போதும் மென்மையானதிலிருந்து ஆரம்பம். வெறும் பாலீஷ் போட்டுப் பாருங்கள். பளபளப்பு வந்தால் அதோடு நிறுத்துங்கள். வரவில்லையா, ரப்பிங் கம்பவுண்டு. அதற்கும் வரவில்லையென்றால்தான் தண்ணீர்ப் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்.

தண்ணீர்ப் பேப்பர் போடுவதென்றால் 1000-ஆம் எண்ணில் தொடங்கி 1500, பிறகு 2000; எண் கூடக் கூடப் பேப்பர் மென்மை. மிக மோசமாக இருந்தால் மட்டும் 800. வெறும் விரலால் தேய்க்காதீர்கள், விரல் அழுந்தும் இடத்தில் பள்ளம் விழும். ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, நேர்க்கோட்டில். எவ்வளவு தேய்த்தோம் என்று தெரிய ஒரு வழி உண்டு. பேப்பர் போடும் முன் பென்சிலால் மேனி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கோடு போட்டுவிடுங்கள். கோடு அழிந்ததும் நிறுத்துங்கள். அடுத்த பேப்பருக்கு மாறும்போது மறுபடி கோடு. முந்தைய பேப்பரின் கீறலைத் தாண்டி ஒரு இழுப்பு அதிகம் இழுத்தாலும் அது வீண் செலவு. அணியத்தின் (படகின் முன்பக்கம்) விளிம்பு, மடிப்பு, மூலை இங்கெல்லாம் ஜெல்கோட் மெல்லிசு. அங்கே பேப்பரே வேண்டாம், கையால் கம்பவுண்டு மட்டும்.

கம்பவுண்டுக்கு மெஷின் இருந்தால் பாலீஷிங் மெஷின், கம்பளி பேட். நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்று. இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் நான்கைந்து பொட்டு வைத்து, முதலில் மெதுவாகப் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினின் எடையே போதும், அழுத்த வேண்டாம்.

இந்தச் சுற்றுக் கணக்கை நான் காசு கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருக்கும். பாலீஷிங் மெஷின் வாங்கக் கையில் காசில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறை ஆங்கிள் கிரைண்டரில் கம்பளி பேட்டை மாட்டினேன். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் ஜாதி. கருநீலப் படகு ஒன்று, உரிமையாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். மூன்று நொடிதான் ஒரே இடத்தில் நின்றிருக்கும். கருகிய பிளாஸ்டிக் வாடை. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் போய்ப் பழுப்பு மஞ்சள். “என்ன தம்பி, படகை அடுப்புல வச்சிட்டியா?” என்றார் அவர். அந்தத் திட்டுக்கு ஜெல்கோட் கலந்து பூசி, நிறம் சேராமல், கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் என் செலவில் செய்து கொடுத்தேன். மெஷின் இல்லையென்றால் கையாலேயே போடுங்கள். தோள் வலிக்கும், படகு பிழைக்கும்.

கம்பவுண்டு போதுமா என்று பார்க்க, துணியால் துடைத்துவிட்டு அன்றைய செய்தித்தாளைப் படகின் பக்கத்தில் ஓரடி தள்ளிப் பிடியுங்கள். தலைப்பு எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரித் தெளிவாகத் தெரிந்தால் போதும். புகைமூட்டமாக இருந்தால் இன்னொரு சுற்று. அதற்கு மேல் மெல்லிய பாலீஷ் ஒரு கை. பார்க்கிறவர்கள் புதுப் படகா என்று கேட்பார்கள். ஆனால் இந்த நிலையில் விட்டுவிட்டுப் போனால், வந்த பளபளப்பு வந்த வழியே போய்விடும். தேய்த்த மேனி திறந்து கிடக்கிறது, வெயில் மறுபடி அதைத்தான் தின்னும்.

அதனால் அன்றைக்கே மெழுகு. கார்னாபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. அல்லது பாலிமர் சீலன்ட், இது கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். படகுக்கென்று விற்பது கிடைத்தால் நல்லது, கார் மெழுகும் தப்பில்லை, சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் சிலிகோன் கலந்த கார் பாலீஷ் வேண்டாம். பிறகு ஏதாவது அடிபட்டு ஜெல்கோட் ஒட்டுப்போட வேண்டிவந்தால் அந்த இடத்தில் மீன்கண் மாதிரிக் குழி குழியாக விலகி நிற்கும். மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் துடைப்பதற்குள் கை கழன்றுவிடும். மூடுபனி மாதிரிக் காய்ந்ததும் வேட்டித் துணியால் துடைக்கவும். மறுநாள் இன்னொரு பூச்சு. தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே மெழுகு கூடாது, பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயின்ட் அங்கே ஒட்டாது. தினமும் மணலில் இழுத்துப் போடும் படகுக்கு அடிப்பக்கம் மெழுகு போடுவதும் வெட்டி வேலை, ஒரே நாளில் மணல் அரைத்துவிடும்.

28 அடிப் படகின் இரண்டு பக்கமும் தண்ணீர்க்கோட்டுக்கு மேலே மட்டும் செய்ய, இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடிக்கும். பேப்பர் போட வேண்டியிருந்தால் நான்கு.

அடுத்து எப்போது மெழுகு என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்தால் தாமரை இலை மாதிரி முத்து முத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பரந்து ஒட்டிக்கொண்டால் மெழுகு போய்விட்டது. எங்கள் வெயிலுக்கு மூன்று நான்கு மாதம்தான் தாங்குகிறது. நான் தை பிறந்ததும் ஒரு தடவை, தடைக்காலத்தில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை போடச் சொல்வேன். ஆக்ஸாலிக் பூசினால் அந்த இடத்து மெழுகும் கூடவே போய்விடும். கறை எடுத்த பட்டைக்கு மட்டும் அன்றே மறுபடி போட்டுவிடுங்கள். கடல் தொழிலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு அலசல், ஒரு துடைப்பு, இதைச் செய்கிற படகுகள் என்னிடம் வருவதே இல்லை. நீலத் தார்ப்பாயை மேனியோடு ஒட்டி இறுக்கிக் கட்டுகிறார்கள், அது தப்பு. காற்றில் அடித்து அடித்து அதுவே பேப்பர் போட்ட மாதிரி கீறும், உள்ளே ஈரமும் தேங்கும். கம்பு நட்டு, காற்றுப் போகிற மாதிரி உயர்த்திக் கட்டுங்கள். துருக்கோடு திரும்பத் திரும்ப வந்தால் கோட்டைத் திட்டாமல் போல்ட்டை மாற்றுங்கள். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம்தான், ஆனாலும் உப்புக்காற்றைத் தாங்கும்.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பூத்துப்போன படகின் மேல் தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவித் துடைத்தால் புதுப் படகு மாதிரி ஜொலிக்கும், ஒரு வாரம். அப்படித் தடவி விற்ற படகுகள் இரண்டு என்னிடமே பழுதுக்கு வந்தன. விலை பேசும் முன் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் ஒரு இடத்தில் அழுத்தித் துடைத்து, காயவிட்டு, அப்புறம் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள்.

பதிவு எண் எழுதும் பெயின்டரை மெழுகு போடும் முன் கூப்பிட்டுவிடுங்கள். ஒரு தடவை நான் முந்திக்கொண்டு மெழுகு போட்டுவிட்டேன். அடுத்த மாதமே எண்ணில் பாதி உரிந்துபோய், அந்தப் படகுக்காரர் சோதனையில் நின்று பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.